கண்ணெதிரே ஒரு களவு

போனில் ‘காஸ்ட்’ பொத்தானைத் தட்டுகிறீர்கள். ஒன்றிரண்டு நொடி யோசித்துவிட்டு, போன் திரை அப்படியே சுவரில் இருக்கும் டிவிக்குத் தாவிவிடுகிறது. கம்பி கிடையாது. சொருகுவதற்கு ஒன்றும் கிடையாது. “ஆங், வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு எல்லோரும் கல்யாண வீடியோவைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு மட்டும் அந்த இடத்தில் உடம்பெல்லாம் சிலிர்க்கும். நியாயமாகப் பார்த்தால் அது வந்திருக்கவே கூடாது!

கணக்கைக் கேளுங்கள். முழு எச்டி திரையில் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. பெருக்கினால் 20,73,600. புள்ளிக்குப் புள்ளி சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், எண் ஒன்றுக்கு எட்டு பிட். இப்படி நொடிக்கு 60 படம். ஆக நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட். இரண்டரை மணி நேரப் படத்தை இந்தக் கணக்கில் சுருக்காமல் வைத்தால் 3,300 ஜிபியைத் தாண்டும். நம் வீட்டுக் காற்றிலோ பக்கத்து வீட்டு ரவுட்டர், மாடி வீட்டு ரவுட்டர், புளூடூத் ஸ்பீக்கர், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கின்றன. இந்தச் சந்தைக்கடைக்கு நடுவே வீடியோவுக்கென்று நொடிக்கு 2 கோடி பிட், அதாவது 20 மெகாபிட், நிலையாகக் கிடைத்தாலே பெரிய விஷயம். 300 கோடியை 2 கோடிக்குள் அடக்கவேண்டும். 150 பங்கில் ஒரு பங்கு மட்டும் டிவிக்குப் போகிறது. மிச்சம் 149 பங்கை வழியிலேயே யாரோ எடுத்துவிட்டார்கள்.

கல்யாணப் பெண்ணின் புடவை ஜரிகை முதற்கொண்டு எல்லாம் அப்படியே இருக்கிறதே, எதை எடுத்தார்கள்? வாருங்கள், உள்ளே போய் எட்டிப் பார்ப்போம். கொஞ்சம் வேகமாக வரவேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் படம் ஒன்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் அடுத்த படம் வந்து கதவைத் தட்டும்.

ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் ‘காஸ்ட்’ தட்டினால் போன் ஒன்றையும் சுருக்குவதில்லை. “இந்த முகவரியில் வீடியோ இருக்கிறது, நீயே எடுத்துக்கொள்” என்று டிவியிடமோ குரோம்காஸ்டிடமோ சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 2013-இல் 35 டாலருக்கு வந்த குரோம்காஸ்டின் சாமர்த்தியமே அதுதான். அங்கே நமக்கு வேலையில்லை. நாம் பார்க்கப்போவது போன் திரையையே, லேப்டாப் திரையையே, விளையாட்டையே உடனுக்குடன் அனுப்பும் கூத்து. வைஃபை அலையன்ஸ் 2012-இல் ‘மிராகாஸ்ட்’ என்று பெயர் சூட்டியது அதற்குத்தான். அதன் வயிற்றுக்குள் ஓடுவது 2003-இல் பிறந்த எச்.264 என்னும் சுருக்கு முறை. ஓடிடி நிறுவனம் ஒரு படத்தைச் சுருக்க மணிக்கணக்கில் கம்ப்யூட்டர்களை ஓட்டலாம், திருப்தி இல்லையென்றால் மறுபடியும் சுருக்கலாம். இங்கே அந்தச் சொகுசு இல்லை. 16.7 மில்லிநொடி, ஒரே தடவை!

முதல் கை வைப்பு நிறத்தில். இது எனக்கு எப்போதும் அதிர்ச்சி தரும் சங்கதி. நம் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு துல்லியமாகத் தெரியும். நிற வேறுபாடு அந்த அளவுக்குத் தெரியாது. 1953-இல் அமெரிக்காவில் வண்ண டிவிக்குத் தரம் வகுத்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. நிறத்துக்குக் குறுகலான அலைவரிசை போதும் என்று அப்போதே முடிவு கட்டினார்கள். இன்றைக்கும் அதே தந்திரம்தான். சிவப்பு-பச்சை-நீலத்தை வெளிச்சம் ஒன்று, நிறம் இரண்டு என்று மாற்றி எழுதுகிறார்கள். வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொள்கிறார்கள். நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகப் பொதுவில் வைத்துவிடுகிறார்கள். தொழிலில் இதற்கு 4:2:0 என்று பெயர். பன்னிரண்டு எண் இருந்த இடத்தில் ஆறுதான். சுருக்கும் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் பாதிச் சரக்கு காலி!

அடுத்து படத்தை 16-க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டுகிறார்கள். குறுக்கே சரியாக 120 கட்டம். நெடுக்கே? 1,080-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள். 67.5! அரைக் கட்டம் என்று ஒன்று கிடையாது. அதனால் இயந்திரம் கூச்சமே இல்லாமல் 68 வரிசையாக்கி, 1,088 வரி இருப்பதாகப் பாவித்து, இல்லாத எட்டு வரியையும் சேர்த்துச் சுருக்கி அனுப்பும். கூடவே “கடைசி எட்டைக் காட்டாதே” என்று ஒரு குறிப்பு. உலகம் முழுக்க முழு எச்டி வீடியோ ஓடும் பெரும்பாலான இடங்களில் இப்படி எட்டு வரி பேய் மாதிரி கூடவே பயணம் செய்துகொண்டிருக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து டிவியின் கீழ் விளிம்பைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இப்போது ஒவ்வொரு கட்டமாகக் கேள்வி கேட்கிறார்கள். போன படத்தில் இருந்தபடியே இருக்கிறாயா? ஆம் என்றால் ‘தாண்டு’ என்று ஒரு குறிப்போடு வேலை முடிந்தது. நகர்ந்திருக்கிறாயா? எவ்வளவு, எந்தப் பக்கம் என்று மட்டும் சொல். மணமேடைக் காட்சியில் பின்னாலிருக்கும் வாழைமரமும் தோரணமும் படத்துக்குப் படம் மாறுவதில்லை. அவற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் செலவில்லை. காசு எல்லாம் அட்சதை பறக்கும் இடத்துக்குத்தான்.

அட்சதைக்கு என்ன செய்வது? அங்கேதான் நம் பக்கத்து மனிதர்கள் வருகிறார்கள். பெங்களூரில் 1940-இல் பிறந்த நாசிர் அகமது, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1972-இல் ஒரு யோசனையோடு அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பண உதவி கேட்டார். கொடுக்கவில்லை. ரொம்ப எளிமையாக இருக்கிறதாம்! விடாமல் செய்து முடித்தார். டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரை வெளியானது. அந்த ராவ், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். அவர்கள் கொடுத்த கணித உருமாற்றம்தான் டிசிடி. கட்டத்துக்குள் இருக்கும் புள்ளிகளை அப்படியே எழுதாமல், மெதுவாக மாறும் அலை எவ்வளவு, வேகமாக மாறும் அலை எவ்வளவு என்று பிரித்து எழுதுவது. பிரித்தபின் ஓர் அதிசயம் நடக்கிறது. பெரும்பாலான சரக்கு மெது அலைகள் சிலவற்றில் வந்து குவிந்துவிடும். வேக அலைகளுக்கான எண்கள் சின்னச் சின்னதாக, பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கண்ணும் அந்த வேக அலைகளைச் சரியாகக் கவனிப்பதில்லை. அவற்றை மொத்தமாக வழித்துவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. உங்கள் போட்டோ கேலரியில் இருக்கும் ஜேபெக் படங்கள் எல்லாம் இந்த ‘ரொம்ப எளிமையான’ யோசனையின் பிள்ளைகள். எச்.264 அதையே முழு எண்களில் நடக்கும்படி திருத்தி எடுத்துக்கொண்டது. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் கணக்கு ஒரு பிட்கூட வேறுபடக்கூடாதே!

இதுவரை பார்த்ததெல்லாம் வீடியோ சுருக்கும் எவரும் செய்வது. காற்றில் அனுப்பும்போதுதான் கூத்து களைகட்டுகிறது. வைஃபையில் பொட்டலங்கள் தொலையும். ஒரு படம் முந்தைய படத்தை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. முந்தையது கெட்டால் அடுத்தது கெடும், அதற்கடுத்ததும் கெடும். முகத்தில் பாதி இடம் மாறி, வாய் தோளில் இருக்கும் பயங்கரக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அப்போது டிவி போனுக்கு ஒரு கோரிக்கை வைக்கும். பழசை நம்பாத முழுப் படம் ஒன்று கொடு! மிராகாஸ்டில் இதற்கென்றே தனிச் செய்தி இருக்கிறது. ஆனால் முழுப் படம் என்பது மற்றப் படங்களைவிடப் பல மடங்கு கனம். அது காற்றில் போகும்போது குழாய் அடைத்துக்கொள்ளும். அடைப்பைத் தவிர்க்கத் தரத்தைக் குறைத்தால் படம் மூச்சு வாங்குவதுபோல ஒரு கணம் மங்கித் தெளியும்.

இதற்குக் கண்டுபிடித்த மாற்று வழியை நினைத்தால் எனக்குக் கைதட்டத் தோன்றும். வீட்டை மொத்தமாகக் காலி செய்து வெள்ளையடிக்காமல் நாளுக்கு ஓர் அறையாக அடிப்பது இருக்கிறதல்லவா, அதேதான். ஒவ்வொரு படத்திலும் ஒரு குறுகலான பட்டையை மட்டும் பழசை நம்பாமல் புதிதாக எழுதுகிறார்கள். அடுத்த படத்தில் அதற்குப் பக்கத்துப் பட்டை. இப்படி நகர்ந்து நகர்ந்து சில பத்துப் படங்களில் முழுத் திரையும் புதுசாகிவிடும். எங்கே கெட்டிருந்தாலும் பட்டை கடந்து போகும்போது குணமாகிவிடும். கனமான படம் என்று எதுவுமே இல்லை. திரையில் அந்தப் பட்டை ஊர்ந்து போவது லேசில் யார் கண்ணுக்கும் படாது. பார்த்தால் சொல்லுங்கள், உங்களுக்கு வேலை வைத்திருக்கிறார்கள்.

இந்த உலகத்தின் உள்ளறையைச் சிலர் பூட்டை உடைத்தே பார்த்தார்கள். நின்டெண்டோ 2012-இல் வீ யூ என்ற விளையாட்டுப் பெட்டியை விற்றது. அதன் கைப்பிடியிலேயே 6.2 அங்குலத் திரை. பெட்டி டிவிக்கு அடியில் இருக்கும், படம் கையில் இருக்கும் திரைக்குக் காற்றில் வரும். விளையாட்டில் தாமதம் தெரிந்தால் கதை கந்தல். ஆனால் தாமதம் தெரியவில்லை! எப்படி என்று குடைந்த சில ஹேக்கர்கள் 2013 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர் மாநாட்டு மேடையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்கள். வெளிப்பூச்சாக நின்டெண்டோ வைஃபைப் பூட்டின் சாவிக் கணக்கில் சின்னதாக ஒரு திருகல் செய்து வைத்திருந்தது. உள்ளே பார்த்தால் நம் பழைய எச்.264-தான், தலைப்புக் குறிப்புகளை எல்லாம் சிரைத்துவிட்டு. எந்தப் படமும் தனக்குப் பின்னால் வரப்போகும் படத்தைப் பார்த்து எழுதப்படுவதில்லை, பார்க்கவேண்டுமென்றால் காத்திருக்கவேண்டுமே. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 480 வரிப் படத்தை ஐந்து துண்டாக, துண்டுக்கு ஆறு கட்ட வரிசையாக வெட்டியிருந்தார்கள். முதல் துண்டு சுருங்கியதும் காற்றில் பறந்துவிடும். கீழ்ப்பாதி இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே மேல்பாதி கைக்கு வந்து சேர்ந்திருக்கும்!

சரி, சினிமாவும் விளையாட்டும் ஆயிற்று. சுருக்கு முறைக்காரர்கள் எல்லோரும் நடுங்குவது வேறொன்றைப் பார்த்து. ஒரு சாதாரண எக்செல் பக்கத்தை!

ஆமாம். மாநாட்டு அறையில் லேப்டாப்பைக் காற்றுவழியே திரைக்கு அனுப்பி, அதில் சிவப்பு எழுத்தை நீலப் பின்னணியில் போட்டிருப்பாரே ஒரு புண்ணியவான், அவர்தான் இந்தத் தொழிலின் வில்லன். இயற்கைக் காட்சியில் விளிம்புகள் இளகியிருக்கும். எழுத்தில் விளிம்பு கத்தி. ஒரு புள்ளி கறுப்பு, அடுத்தது வெள்ளை. டிசிடி தூக்கி எறிய நினைக்கும் வேக அலைகள்தான் எழுத்துக்கு உயிர். எறிந்தால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்க்கிற மாதிரி அழுக்கு மொய்க்கும். நிறத்தை நான்குக்கு ஒன்றாக்கியதன் பலனும் இங்கேதான் தெரியும். சிவப்பெழுத்து நீலத்தில் கசிந்து நிற்கும். தமிழ் எழுத்துக்குக் கேட்கவே வேண்டாம். மெய்யின் தலையில் இருக்கும் புள்ளி சின்ன அளவில் ஒன்றிரண்டு பிக்சல்தான். அது மங்கினால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். ‘கண்ணுக்குத் தெரியாத இழப்பு’ என்று இங்கே தப்பித்துக்கொள்ள முடியாது.

எழுத்தை அதிபுத்திசாலித்தனமாகச் சுருக்கினால் இன்னும் ஆபத்து. 2013-இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் என்ற கணினி ஆய்வாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் கட்டட வரைபடத்தில் இருந்த எண்களையே மாற்றிவிடுவதை அம்பலப்படுத்தினார். ஒரே மாதிரித் தெரியும் எழுத்துத் துண்டுகளை ஒன்றாகக் கருதி ஒரே உருவத்தை எல்லா இடத்திலும் ஒட்டும் முறை அது. 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்கார்ந்தது, துளி மங்கல்கூட இல்லாமல், அப்பட்டமாக. மங்கலான பொய்யைவிடப் பளிச்சென்ற பொய் எவ்வளவு மோசம் பாருங்கள்! திரை எழுத்துக்குச் சுருக்கு முறை எழுதுகிறவர்கள் ஒட்டினாலும் விட்டுப்போன வித்தியாசத்தையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். எச்.265 என்கிற எச்இவிசி முறைக்கு 2016-இல் திரைக் காட்சிக்கென்றே தனி விரிவாக்கம் வந்தது. அதே படத்துக்குள் முன்னால் வந்த துண்டைச் சுட்டி “அங்கே இருப்பதைப் பார்த்து எழுது” என்று சொல்லலாம். ஒரு பக்கத்தில் எத்தனை ‘ம்’ வரும், யோசியுங்கள். கட்டத்தில் நான்கைந்து நிறம்தான் இருக்கிறதென்றால் நிறப்பட்டியலைக் கொடுத்துவிட்டு வரிசை எண்ணை மட்டும் எழுதலாம். 2018-இல் வந்த ஏவி1 முறையிலும் இந்த இரண்டு கருவிகளும் உண்டு.

இவ்வளவு பாடு படுவதற்குப் பதில் லேசாக மட்டும் சுருக்கிவிட்டு அகலமான குழாயைத் தேடினால் என்ன என்று இன்னொரு கோஷ்டி கேட்டது. அவர்களுடைய பட்டறைதான் என் செல்ல இடம்.

வெசா என்ற காட்சித்திரைத் தர அமைப்பு 2014-இல் டிஎஸ்சி என்ற முறையை வெளியிட்டது. 24 பிட் புள்ளியை 8 பிட்டாக்குவது. மூன்றில் ஒன்று, அவ்வளவுதான். நூற்றைம்பதில் ஒன்று என்று பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். ஆனால் நிபந்தனைகளைக் கேளுங்கள். எழுத்தோ படமோ இரைச்சலோ, எது வந்தாலும் மூன்றில் ஒன்றுக்குள் அடங்கியே தீரவேண்டும். ஒருவர் கண்ணுக்கும் தெரியக்கூடாது. முழுப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ள இடம் கிடையாது. ஏறத்தாழ ஒரு வரிப் புள்ளிகளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 4கே திரையில் ஒரு வரி ஓட ஆகும் நேரம் சுமார் 7.5 மைக்ரோநொடி. இவர்கள் மில்லிநொடி பேசுகிறவர்கள் இல்லை!

எப்படிச் சாதிக்கிறார்கள்? இடப்பக்கத்துப் புள்ளி, நேர் மேலே இருக்கும் புள்ளி, மூலையில் இருக்கும் புள்ளி. இந்த மூன்றையும் பார்த்து, இப்போது வரப்போகும் புள்ளி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறார்கள். நம் இயந்திரம் பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கும். வானம் நீலமாக இருந்தால் அடுத்த புள்ளியும் நீலம்தானே. எழுத்து வந்தால் ஊகம் பொய்த்துவிடும். அதற்காக மடியில் 32 நிறம் கொண்ட ஒரு சின்னப் பட்டியல், அண்மையில் பார்த்த நிறங்கள். கறுப்பு, வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் சில சாம்பல் நிறங்கள் என்றால் எல்லாம் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும். 24 பிட்டை எழுதாமல் “பட்டியலில் பதினேழாவது” என்று 5 பிட்டில் முடித்துவிடலாம். புள்ளிகளை மூன்று மூன்றாகச் சேர்த்து, பட்டியலா ஊகமா என்று கூட்டத்துக்குக் கூட்டம் முடிவெடுக்கிறது அந்தச் சில்லு. இன்று நல்ல திரையுள்ள பல போன்களில் ப்ராசஸரிலிருந்து திரைக்குப் போகும் இரண்டங்குலப் பாதையிலேயே டிஎஸ்சி ஓடுகிறது. கையில் இருக்கும் திரையே சுருக்கப்பட்ட படத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கலாம். தெரிந்ததா உங்களுக்கு?

தெரியவில்லை என்று எப்படி நிரூபிப்பது? இதோ வந்துவிட்டோம், முழுச் சுற்றுலாவிலும் நான் ஆவலோடு காத்திருந்த அறைக்கு. “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்று பத்துப் பேர் சொன்னால் போதாது. 2015-இல் ஐஎஸ்ஓ வெளியிட்ட 29170-2 என்ற தரம் ஒரு குரூரமான சோதனையை வகுத்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம். ஒன்று அசல், ஆடாமல் அசையாமல் நிற்கும். மற்றதில் அசலும் சுருக்கி விரித்த நகலும் நொடிக்குச் சில தடவை மாறி மாறி ஒரே இடத்தில் வந்துபோகும். எங்காவது ஒரு மூலையில் ஒரு துளி வேறுபாடு இருந்தாலும் அது சிமிட்டும். சிமிட்டலை நம் கண் கொத்திப் பிடித்துவிடும். அசைவைக் கவனிக்காத மூதாதையர்களைப் புலி தின்றுவிட்டது. பார்ப்பவர் எந்தப் படம் சிமிட்டுகிறது என்று சொல்லியே ஆகவேண்டும். தெரியவில்லை என்று சொல்ல அனுமதி இல்லை, குத்துமதிப்பாகவாவது ஒன்றைக் காட்டவேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் பாதிக்குப் பாதி சரியாக வரும், அதாவது 50 சதவீதம். எல்லாம் தெரிந்தால் 100. நடுவில் 75-ஐக் கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று பொருள்.

டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பார்வை ஆய்வாளர்கள் டிஎஸ்சியை இந்தச் சோதனையில் உட்காரவைத்தார்கள். சோதனைக்கு எடுக்கும் படங்களோ சும்மா ரோஜாப்பூ, குழந்தை முகம் இல்லை. மெல்லிய கோடுகள், பொடி எழுத்து, இரைச்சல், பல நிறத்தில் நெருக்கிய வரைபடம் என்று சுருக்கு முறையை அழவைக்கத் தேடிப்பிடித்தவை. நிஜ வாழ்க்கையில் எவரும் அசலையும் நகலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சிமிட்டிப் பார்ப்பதில்லை. யாருக்கும் வாய்க்காத வசதியைக் கொடுத்துவிட்டு “இப்போது கண்டுபிடி பார்ப்போம்” என்று சவால் விடும் அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் படத்தைவிட நம் கண்ணைத்தான் அதிகம் படித்திருக்கிறார்கள்.

கொஞ்சம் விலகி இன்னொரு வாசலையும் காட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. அமிமான் என்ற இஸ்ரேல் நிறுவனம், 2009-இல் முதல் தரம் வெளியான டபிள்யூஎச்டிஐ முறையில், சுருக்குவது ஒரு கட்டம் அனுப்புவது ஒரு கட்டம் என்ற பிரிவையே தூக்கிப்போட்டது. டிசிடியில் கிடைத்த முக்கியமான எண்களை மிகுந்த பாதுகாப்போடு அனுப்பு. நுண்மையான எண்களை ஏறக்குறையப் பழைய ரேடியோ பாணியில் அப்படியே காற்றில் விடு. காற்று கெட்டால் படம் உடைந்து கட்டம் கட்டமாகச் சிதறாது, லேசாகப் பொரிந்து நிற்கும், அவ்வளவுதான். தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் கீழே. ஹாலிவுட் படப்பிடிப்புத் தளங்களில் கேமராவிலிருந்து இயக்குநரின் மானிட்டருக்குப் படம் அனுப்பிய டெராடெக் போல்ட் கருவிகளுக்குள் இருந்தது இந்தச் சில்லுதான். ஃபோகஸ் இழுக்கும் உதவியாளர் மானிட்டரைப் பார்த்தபடி லென்ஸைத் திருகுகிறார். நாயகி திரும்பியதற்கும் திரையில் திரும்பியதற்கும் நடுவே நாலு படம் தாமதித்தால் அந்த ஷாட் போச்சு. அவருக்குத் தரம் கொஞ்சம் குறைந்தாலும் கவலையில்லை, தாமதம் கூடக்கூடாது.

நேரத்தில் அவரையும் மிஞ்சிய கறார்ப் பேர்வழி விஆர் கண்ணாடி. தலையைத் திருப்பியதிலிருந்து படம் திரும்புவதற்கு 20 மில்லிநொடிக்கு மேல் ஆனால் வயிறு புரட்டும். 2018-இல் எச்டிசி வைவ் கண்ணாடிக்குக் கம்பியில்லா இணைப்பு வந்தபோது எண்கள் இப்படி இருந்தன: இரு கண்ணுக்கும் சேர்த்து 2,160-க்கு 1,200 புள்ளி, நொடிக்கு 90 படம், ஆக நொடிக்கு 560 கோடி பிட். அதனால் சாதாரண வைஃபையை விட்டுவிட்டு 60 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஓடினார்கள். இன்டெலின் வைகிக் வானொலி, டிஸ்ப்ளேலிங்க் நிறுவனத்தின் சுருக்கு முறை. 60 கிகாஹெர்ட்ஸ் அகலமான குழாய்தான், ஆனால் பெரிய தொட்டாற்சிணுங்கி. கையைக் குறுக்கே நீட்டினால் நின்றுவிடும்! அதனால்தான் ஆன்டெனாவைத் தலை உச்சியில் வைத்தார்கள். படம் நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் அதற்கும் ஒரு திருட்டு வேலை வைத்திருக்கிறது விஆர் உலகம். கண்ணாடியே பழைய படத்தை எடுத்து, இதற்குள் தலை எவ்வளவு திரும்பியதோ அவ்வளவு நகர்த்திக் காட்டிவிடும். மூளைக்குச் சந்தேகமே வராது.

விஆரில்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் களவு நடக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான் நீங்கள் எப்போதும் கூர்மையாகப் பார்க்கிறீர்கள், சுமார் இரண்டு டிகிரி. மீதி எல்லாம் மங்கல், மூளை ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. 2019-இல் வந்த ஆக்குலஸ் லிங்க் என்ற விஆர் இணைப்பு முறை, படத்தின் நடுவைத் தெளிவாக வைத்துவிட்டு ஓரங்களை நசுக்கிச் சுருக்கி அனுப்பியது. அதிலும் ஓர் ஓட்டை: நீங்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினால் பிடிபட்டுவிடும். 2025 நவம்பரில் வால்வ் நிறுவனம் அறிவித்த ஸ்டீம் ஃப்ரேம் கண்ணாடி அந்த ஓட்டையையும் அடைக்கிறது. உள்ளே இருக்கும் கேமராக்கள் உங்கள் கருவிழியைத் தொடர்ந்து பார்த்து, நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கே மட்டும் தரத்தைக் கொட்டுகின்றன. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தச் சில பத்து மில்லிநொடியில் மூளை பார்வையை அடக்கி வைக்கிறது என்பது பார்வை அறிவியலின் பழைய பாடம். அந்த இருட்டுக்குள் தரம் புது இடத்துக்கு ஓடிப்போய் நின்றுகொள்ளவேண்டும்!

சுற்றுலா முடிந்தது, வீட்டிலேயே குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க வழி சொல்லிவிட்டுப் போகிறேன். லேப்டாப்பைக் காற்றுவழியே டிவிக்கு அனுப்புங்கள். ஒரு நீண்ட கட்டுரையைத் திறந்து சரசரவென்று உருட்டுங்கள். சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்திய கணத்தில் எழுத்துகள் கொஞ்சம் சேறாக இருந்து, அரை நொடிக்குள் கழுவிவிட்டதுபோலத் தெளிவதைப் பார்க்கலாம். படம் ஓடும்போது பிட் பற்றாக்குறை. நின்றதும் ஒவ்வொரு படத்திலும் பிட் மிஞ்ச, இயந்திரம் விட்டதை எல்லாம் நிரப்பிக்கொண்டிருக்கிறது. அடுத்து நீலப் பின்னணியில் பொடிச் சிவப்பெழுத்தை எழுதிப் பாருங்கள், பிறகு அதே எழுத்தை வெள்ளையில் கறுப்பாக மாற்றிப் பாருங்கள். கடைசியாக ஒரு சன்னலைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சுட்டியை வேகமாக ஆட்டுங்கள். சில டிவிகளில் சுட்டி முன்னால் ஓட, பின்னாலிருக்கும் சன்னல் மெதுவாக இழுபட்டு வரும். மைக்ரோசாஃப்டின் மிராகாஸ்ட் நீட்டிப்பில் சுட்டியின் உருவத்தையும் இடத்தையும் வீடியோவில் சேர்க்காமல் தனியாக அனுப்ப வழி உண்டு. டிவிக்கு அந்த வித்தை தெரிந்தால் சுட்டியைத் தானே வரைந்துகொள்ளும். சுட்டி வீடியோவிலேயே இல்லை! பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். “இதுல என்ன இருக்கு” என்று அவர் கேட்டால், 1,088 வரிக் கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.